மணலில் வளர்ந்த செவ்வரத்தையைக் களியில் ஊன்றியது

அம்பாறைக் கடற்கரையிலுள்ள காரைதீவிலிருந்து அம்மான் கூப்பிட்டார். "மனே, முன்னுக்கு மதில் கட்டப்போறம். அம்மம்மாட செவ்வரத்தை சரியா அத்திவாரத்தில நிக்குது. எடுக்கிறதெண்டா சித்திரைக்குள்ள எடு. மறுகா மேசன் வந்தா நமக்காகப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டான்." அது முந்தின கார்த்திகை மாதம். இதை எழுதுகிற இந்த மாசியோடு பதினைந்து மாதம் ஆகிறது.

செவ்வரத்தை என்றால் செம்பருத்திதான். அந்தச் செடி என் அம்மா பிறக்கும்போதே அங்கே நின்றதாம். ஐந்து இதழ், ஒற்றை அடுக்கு, இரத்தச் சிவப்பு. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் மகரந்தம் மஞ்சள் மணிகளாக ஒட்டியிருக்கும். அதன் நுனி ஐந்தாகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பட்டுப் பொட்டு. இன்றைக்குக் கடைகளில் விற்கிற மஞ்சள், செம்மஞ்சள், அடுக்குப் பூக்களில் இல்லாத ஒரு வடிவு அதில் இருக்கிறது என்பது என் எண்ணம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்த வளவைத் தாண்டித்தான் போனது. செடி இலை கருகி, காய்ந்த விறகாக நின்றது. அம்மம்மா மட்டும் அதில் கத்தி வைக்க விடவில்லை. மாரி மழை உப்பைக் கழுவிக் கொண்டுபோன பிறகு, முழங்காலுக்குக் கீழே அடிக்கட்டையில் தளிர் வந்தது. அம்மம்மா இப்போது இல்லை. செடி மட்டும் நின்றது.

விதை எடுத்து முளைக்க வைக்கலாமே என்று மகள் கேட்டாள். எங்கள் ஊர்ச் சிவப்புச் செவ்வரத்தை காய்த்து நான் கண்டதில்லை. இந்த இனம் அநேகமாக விதை பிடிப்பதில்லை. பூ காலையில் விரியும், பின்னேரம் சுருளும், அடுத்த நாள் காம்போடு விழும். அவ்வளவுதான். ஆகவே கொப்பு வெட்டி வைப்பது ஒன்றே வழி. அப்படி வைத்து வளர்வது அதன் பிள்ளை இல்லை, அதே செடி. அம்மம்மா யார் வளவிலிருந்தோ ஒரு தடி முறித்துக் கொண்டுவந்து ஊன்றியிருப்பா. நான் அதிலிருந்து ஒரு தடி எடுத்தால், இன்னோர் இடத்தில் நிற்கப்போவதும் அதே செடிதான். இதை யோசித்த பிறகு எனக்கு மதிலைப் பற்றிய கவலை பாதி குறைந்தது.

நான் கலியாணம் முடித்து மனைவியின் ஊருக்கு வந்தவன். எங்கள் பக்க வழமை அதுதான். வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. பிறந்து வளர்ந்தது கடற்கரை மணலில். வாவிக்கு இந்தப் பக்கம் மண் வேறு, களி. மழைக்குச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வேறுபாட்டை நான் கையால் படிக்க ஒரு மாரி முழுக்கத் தேவைப்பட்டது.

முதல் தடவை

காரைதீவில் அம்மம்மா செய்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கார்த்திகை மழையில் ஒரு தடியை முறிப்பா, மணலில் குத்துவா, திரும்பிப் பார்க்காமல் போவா. தை பிறக்கையில் தளிர்த்திருக்கும். நானும் அதையே செய்தேன். மோட்டார் சைக்கிளில் போய், பெருவிரல் மொத்தத்தில் 40 தடி வெட்டி, நனைந்த சாக்கில் சுற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் வந்து, அன்று பின்னேரமே வேலியோரம் வரிசையாகக் குத்திவிட்டேன். வீதிப் பக்கத்துக் கிடுகு வேலி உக்கிப்போயிருந்தது. அதற்குப் பதிலாக 60 அடிக்கு ஒரு பூவேலி வேண்டும் என்பது என் கணக்கு.

மழை பெய்தது. பத்து நாள் விடாமல். தடிகளில் சின்னச் சின்னத் தளிர் வந்தது. எனக்குச் சந்தோசம். மாமி மட்டும் ஒன்றும் பேசாமல் ஒரு தடியைப் பிடித்து மெல்ல இழுத்தா. அது எண்ணெயில் தோய்ந்த விரல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. மண்ணுக்குள் இருந்த பகுதி கறுத்து, பட்டை கழன்று, சேற்று மணம். "தம்பி, இது தடிக்குள்ள இருந்த சத்தில வந்த தளிர். கீழ வேர் இல்ல" என்றா. தை முடிய 40இல் 2 நின்றது.

மணலில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், வெட்டுவாய்க்குக் காற்றுக் கிடைக்கும். களியில் நான் குத்தின துளை ஒரு குவளை மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. தடி காய்ந்து சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தது. செவ்வரத்தை வைக்கிற எவரும் தளிரைப் பார்த்து மயங்க வேண்டாம். தளிர் வந்து மூன்று கிழமைக்குப் பிறகும் வாடாமல் நின்றால்தான் கீழே ஏதோ நடக்கிறது.

இரண்டாம் தடவை

தை கடைசியில் திரும்பப் போனேன். இந்த முறை அவசரப்படவில்லை. முற்றின மொத்தத் தடியும் வேண்டாம், பச்சைக் குருத்தும் வேண்டாம். பென்சில் மொத்தம், பட்டை பச்சையிலிருந்து மண்ணிறத்துக்கு மாறத் தொடங்கிய கொப்புகளாகப் பார்த்து 48 துண்டு எடுத்தேன். ஒவ்வொன்றும் 6 அங்குலம். கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேல்வெட்டு கணுவுக்கு மேலே நேராக. எது மேல் எது கீழ் என்று பிறகு குழம்பாமல் இருக்கவும் இந்த வெட்டு உதவும். மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் குறுக்கே பாதியாக வெட்டினேன். வேரில்லாத தடிக்கு முழு இலை பாரம்; குடிக்க வாயில்லாதவனை வெயிலில் நிறுத்துவது போன்றது. கத்தியை ஒவ்வொரு பத்து வெட்டுக்கும் ஒருமுறை துடைக்க வேண்டியிருந்தது. வெண்டிக்காய் நறுக்கும்போது வருகிற அதே பசை இதிலும் வரும். வெண்டி, பருத்தி, பூவரசு, செவ்வரத்தை எல்லாம் ஒரே குடும்பம். பட்டையை உரித்தால் நாரும் அப்படியே நீளமாக வரும்.

நடுகிற கலவைக்கு ஆற்று மணலும் தேங்காய்த் தும்புத்தூளும் சரிக்குச் சரி. இங்கே இரண்டாவது பிழை விட்டேன். ஒரு கடையில் வாங்கின தும்புத்தூளை அப்படியே கலந்து முதல் 12 பையை நிரப்பினேன். எட்டாம் நாள் இலையின் ஓரம் எல்லாம் தீப்பட்டது போலக் கருகியது. தும்புத்தூளில் உப்பு இருக்கும், கடலோரத் தேங்காயென்றால் இன்னும் கூட. மிச்சத் தும்பை வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி, திரும்ப ஊறவைத்து, மூன்று தரம் கழுவின பிறகுதான் பாவித்தேன். முதல் தரம் வடிந்த தண்ணீர் கடும் சாயத் தேநீர் நிறம். மூன்றாம் தரம் இளந்தேநீர். அந்த 12இல் 7 போயிற்று.

வேர் பிடிக்கக் கற்றாழைச் சாறு நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். 20 தடியைத் தனியாக எடுத்து, பத்தைச் சாற்றில் தோய்த்து, பத்தைச் சும்மா வைத்தேன். தோய்த்ததில் 8, தோய்க்காததில் 7. என் கையில் அது பெரிய வித்தியாசம் காட்டவில்லை. வித்தியாசம் காட்டியது போத்தல். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டி, தடிக்கு மேலே தொப்பி போலக் கவிழ்த்தேன். உள்ளே ஈரம் நிற்கும், இலை வாடாது, மண்ணுக்கு அடிக்கடி தண்ணீர் விடத் தேவையில்லை. நண்பகலில் மூடியை மட்டும் திறந்துவிடுவேன். மாமரத்து நிழல், காலை வெயில் ஒரு மணித்தியாலம், அதற்குமேல் இல்லை.

பதினெட்டாம் நாள் பொறுமை கெட்டு ஒரு தடியை உருவிப் பார்த்தேன். வேர் இல்லை. ஆனால் சாய்ந்த வெட்டுவாயைச் சுற்றி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், குருணை அரிசி ஒட்டினது போல வெள்ளையாக ஒரு தடிப்பு வளையம். விரலால் தொட்டால் இறுக்கமாக இருந்தது. பழுதானதென்றால் கறுத்துக் குழையும், இது வெளுத்து இறுகும். திரும்ப வைத்தேன். முப்பத்தைந்தாம் நாள் அதே தடியில் நான்கு வேர், இடியப்பச் சிக்குகள் போல வெள்ளையாக, ஒரு அங்குல நீளம். 48இல் மொத்தம் 31 தேறியது.

பதி கட்டியது

தடிகள் தேறாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், அதே தை மாதப் பயணத்தில் செடியிலேயே 6 கொப்புக்குப் பதி கட்டினேன். கொப்பை வெட்டாமல் செடியில் நிற்கும்போதே வேர் விட வைப்பதுதான் பதி. பெருவிரல் மொத்தக் கொப்பில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, கழுவின ஈரத் தும்பை உருட்டி அப்பி, தெளிவான பொலித்தீனால் சுற்றி, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். தும்பு ஈரமாக இருக்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது.

பங்குனிக் கடைசியில் 5 உருண்டையில் பொலித்தீனுக்குள்ளே வெள்ளை வேர் ஓடுவது வெளியிலேயே தெரிந்தது. ஆறாவதைப் பிரித்துப் பார்த்தால், எடுத்த பட்டை திரும்ப வளர்ந்து வளையத்தை மூடியிருந்தது. பட்டையை எடுத்தபின் கட்டையின் மேலே வழுவழுவென்று ஒரு பச்சைச் சவ்வு இருக்கும். அதைக் கத்தி முதுகால் சுரண்டிக் கட்டை உலர்ந்து தெரியும்வரை எடுக்க வேண்டும். அந்த ஒன்றில் நான் சுரண்டின மாதிரி எண்ணம், சுரண்டவில்லை. சவ்வு மிச்சமிருந்தால் செடி தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். வேர் விட அதற்கு என்ன தேவை?

சித்திரை பிறக்க இரண்டு நாள் இருக்கையில் ஐந்தையும் அறுத்துக்கொண்டு வந்தேன். அடிக்கட்டையையும் கிளப்பிப் பார்க்கலாம் என்று அம்மானும் நானும் அலவாங்கோடு ஒரு காலை முழுக்க நின்றோம். வேர் பழைய வீட்டின் அத்திவாரக் கல்லுக்குக் கீழே போயிருந்தது. கிளப்ப முடியவில்லை. அம்மான்தான் கடைசி வெட்டு வெட்டினார். வெட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் போய் இருந்துகொண்டு, பள்ளிக்கூடம் போகிற காலத்தில் சப்பாத்துக்குப் பூச இந்தப் பூவைத்தான் கசக்குவது என்றார். இதழ் கசங்கினால் ஊதா கலந்த கறுப்புச் சாயம் வரும், தோலில் மினுங்கும்.

கோடையும் பூச்சியும்

வைகாசிக்கு மேல் கச்சான் காற்று தொடங்கியது. பகல் முழுக்க மேற்கிலிருந்து அடுப்புவாய் காற்று. பைகளைத் தரையில் நடாமல் மாமர நிழலிலேயே வைத்திருந்தேன், அது நல்லதாய்ப் போயிற்று. அந்தக் காற்றில் மொட்டெல்லாம் விரியாமலே உதிர்ந்தது. காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டதை நிறுத்தி, காலையில் ஒரே தரம், பையின் அடியால் வடியும்வரை விட்டேன். உதிர்வது குறைந்தது.

ஆனியில் குருத்துகள் சுருண்டன. திருப்பிப் பார்த்தால் கணுக்களில் வெள்ளை மா அப்பினது போல. மாவுப்பூச்சி. பக்கத்தில் மாமியின் வெண்டிப் பாத்தி, அதற்கப்பால் ஒரு பப்பாசி. இரண்டிலும் இருந்தது. 2008இல் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கைக்குள் புகுந்தபோது செவ்வரத்தையையும் விட்டுவைக்கவில்லை. பிறகு அதை அடக்கியது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு சின்ன ஒட்டுண்ணிக் குளவி. கடும் நஞ்சு அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும். ஆகவே நான் அடிக்கவில்லை.

முதலில் எறும்பைப் பார்த்தேன். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். பைகளைத் தண்ணீர் ஊற்றின தட்டுகளில் கல் வைத்து அதன் மேல் ஏற்றினேன். எறும்பு ஏற வழியில்லை. பிறகு குழாயை விரலால் நெருக்கி, தண்ணீரைப் பாய்ச்சி அடித்துக் கழுவினேன். மோசமாகச் சுருண்ட குருத்தை நறுக்கி எரித்தேன். மிச்சத்துக்கு 1 லீற்றர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றர், அது கரைய ஒரு சின்னக் கரண்டி சவர்க்காரக் கரைசல், பொழுது சாயும் நேரத்தில், இலையின் அடிப்பக்கம் நனைய. கிழமைக்கு ஒருமுறை, நான்கு கிழமை. 3 செடி போனது, மற்றவை தப்பின. வெண்டிப் பாத்தியை மாமி அடுத்த போகத்துக்கு வளவின் மறுகரைக்கு மாற்றினா.

வேலி நட்டது

புரட்டாசிக் கடைசியில் நடுவேலை. களியோடு மல்லுக்கட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். வேலியோரம் ஒரு அடி உயரம், இரண்டு அடி அகலத்தில் நீளமாக வரம்பு போட்டேன். வெட்டின மண்ணோடு ஆற்று மணல், கூட்டெரு, ஆலையிலிருந்து எடுத்த பழைய உமி கலந்தேன். மண்வெட்டிக்கு ஒட்டாமல் விழும்வரை கலந்தேன், அதுதான் என் அளவு. செடிக்குச் செடி ஒன்றரை அடி. 31 தடியில் பூச்சிக்கு 3 போக 28, பதி 5, முதல் மாரியில் தப்பின 2, ஆக 35.

ஐப்பசி மழைக்குத் துளிர்த்தது. ஒரு நாள் காலை பார்த்தால் வீதியோரத்தில் 9 செடி மொட்டையாக நின்றது. மாடு. செவ்வரத்தை இலை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கீரை மாதிரி. இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும், படுவான்கரையில் மாடு இல்லாத வீதி எது? பூவேலி கண்ணுக்குத்தான் வேலி. வெளியே முட்கம்பி மூன்று வரி இழுத்தேன். நட்டதை அதற்கு இரண்டு அடி உள்ளே தள்ளித்தான் நட்டிருந்தேன், அது தற்செயலாக உதவியது. மேய்ந்த 9இல் 7 அடியிலிருந்து திரும்பக் கிளைத்தது. மாடு செய்த கத்தரிப்பு சில செடியில் என்னுடையதைவிட நன்றாகவே அமைந்தது. ஒற்றைத் தடியாக நின்றது நான்கு கிளையாகியிருந்தது. பூ புதுக் கொப்பில்தான் வரும், ஆகவே மற்றவற்றையும் ஒரு அடி உயரத்தில் நுனி கிள்ளிவிட்டேன்.

பூ

பதி வைத்த செடியொன்று வைகாசியிலேயே, பையில் நிற்கும்போதே பூத்துவிட்டது. கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக் காலம். மாமி விடிய எழும்பி, என்னிடம் கேட்காமலே அதைக் கிள்ளி வாழையிலைத் துண்டில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டா. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இப்போது ஒரு நாளைக்கு 15 பூ வரை வருகிறது. மனைவி எண்ணெய் காய்ச்சினாள். முதல் தரம் பறித்தவுடனே பூவைத் தேங்காயெண்ணெயில் போட்டதால், பத்து நாளில் போத்தலின் அடியில் கலங்கல் தட்டி மணம் மாறிவிட்டது. பூவில் தண்ணீர் அதிகம். இரண்டாம் தரம் 30 பூவும் ஒரு பிடி இலையும் நிழலில் இரண்டு நாள் வாட்டி, ஒரு போத்தல் எண்ணெயில், இளஞ்சூட்டில். முதலில் சடசடவென்று நுரை கிளம்பும். அந்தச் சத்தம் அடங்கி, பூ மொறுமொறுப்பாகும்போது இறக்க வேண்டும். அதற்குமேல் விட்டால் கருகல் மணம். இரண்டு மாதமாகிறது, எண்ணெய் இன்னும் தெளிவாக இருக்கிறது. முழுகுகிற நாளில் இலையை அரைத்து, அந்த வழுவழுப்பில் தேசிக்காய்ப் புளி விட்டுத் தலையில் தேய்ப்பது அம்மம்மா வழி. முடி வளரும் என்று நான் சொல்லமாட்டேன். அழுக்கு எடுபடுவதும் சிக்கு விடுவதும் கண்கண்டது.

மகளுக்குப் பிடித்தது தேநீர். இதழைச் சுடுநீரில் போட்டால் தண்ணீர் ஊதாவாகும். தேசிக்காய் நாலு துளி விழுந்தவுடன் பளிச்சென்று சிவக்கும். அப்பச்சோடா போட்டால் பச்சையாகும், அது குடிப்பதற்கில்லை. கடைகளில் புளிப்பாக, கடுஞ்சிவப்பாகக் கிடைக்கிற செம்பருத்தித் தேநீர் இந்தப் பூவில்லை. அது ரோசெல்லா என்ற, புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சதைப்பிடிப்பான புல்லிவட்டம். நம்முடையதில் புளிப்பே கிடையாது. பிள்ளைத்தாச்சிகளுக்கு இதைக் குடிக்கக் கொடுப்பதில்லை என்று அம்மம்மா கண்டிப்பாகச் சொல்லுவா. எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான்.

போன கிழமை அம்மான் மதிலைக் காட்டக் கூப்பிட்டார். வெள்ளை பூசி, படலை போட்டு, நன்றாகத்தான் இருக்கிறது. மதிலுக்கு உட்பக்கம் மூன்றடி மணல் வெறுமையாகக் கிடக்கிறது. வேலியில் முதல் கத்தரிப்பில் விழுந்த தடிகளில் ஆறை நனைந்த சாக்கில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அம்மான் பை எங்கே, போத்தல் எங்கே என்று கேட்டார். அங்கே அதெல்லாம் தேவையில்லை. கையால் துளை போட்டு, குத்தி, காலால் மிதித்துவிட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினோம்.